செம்பூரில் தீத்தடுப்புக் கண்ணாடி வாங்கப் போகும் சொசைட்டிக்கு

மும்பை செம்பூரில் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு 22 மாடி எழுப்பப் போகும் குடியிருப்புச் சொசைட்டி ஒன்றின் செயலாளர் கேட்டிருக்கிறார்: “பில்டர் கொடுத்த விவரத்தாளில் லிஃப்ட் லாபிக்கும் மேற்குப் பக்க மாடிப்படிக்கும் ‘12 மிமீ ஃபயர் கிளாஸ், 2 மணி நேரம்’ என்று போட்டிருக்கிறது. இங்கே உப்புக்காற்று. நிலநடுக்கப் பகுதி என்றும் சொல்கிறார்கள். எந்தக் கண்ணாடி நல்லது? எந்தக் கம்பெனியுடையது?”

கம்பெனிப் பெயர் சொல்லப்போவதில்லை. அந்தத் தாளில் இருக்கும் இரண்டு எண்களைச் சேர்த்துப் படித்தாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். 12 மிமீ கண்ணாடி இரண்டு மணி நேரம் நிற்குமா? நிற்கும், அதில் பொய் இல்லை. எதைத் தடுத்துக்கொண்டு நிற்கும் என்பதைத்தான் தாள் சொல்லாமல் விட்டிருக்கிறது.

தீத்தடுப்புக்கான ஐரோப்பிய வகைப்பாட்டை நம் ஊர் ஆர்க்கிடெக்டுகளும் புழங்குகிறார்கள். ‘இ’ (E) என்றால் தீயும் சுடுவாயுவும் மறுபக்கம் வராது, அவ்வளவுதான். வெப்பம் தாராளமாக வரும். ‘இ.டபிள்யூ’ (EW) என்றால் கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அளக்கும் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 15 கிலோவாட்டைத் தாண்டாது. கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றும். உச்சி வெயில் ஏறத்தாழ 1 கிலோவாட். மனிதத் தோல் 2.5 கிலோவாட்டிலேயே எரிச்சல் தாங்காமல் விலகச் சொல்லும். பதினைந்து என்பது பதினைந்து மத்தியானச் சூரியன்கள். ‘இ.ஐ’ (EI) ஒன்றுதான் உண்மையில் சுவர் மாதிரி நடந்துகொள்வது. தீப்படாத பக்கத்தின் வெப்பநிலை சராசரியாக 140 டிகிரிக்கு மேலும், எந்த ஒரு புள்ளியிலும் 180 டிகிரிக்கு மேலும் உயரக் கூடாது. சோதனையின்போது ஒரு பஞ்சுத் துண்டை இடுக்குகளின் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், பற்றக் கூடாது. ‘இ’ மட்டும் கோரும் கண்ணாடிக்கு அந்தப் பஞ்சுச் சோதனை கணக்கிலேயே சேராது. கண்ணாடி வீசும் அனலே பஞ்சைக் கருக்கிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சோதனைச் சூளைக்குள் முதல் அரை மணி நேரத்தில் 842 டிகிரி, ஒரு மணியில் 945, இரண்டு மணியில் 1049. இந்தச் சூட்டை இரண்டு மணி நேரம் மறுபக்கம் விடாமல் பிடித்துவைக்க, கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே தீயில் பொங்கும் சிலிகேட் அடுக்குகளோ நீர் நிறைந்த கூழோ வேண்டும். சுமார் 120 டிகிரியில் அந்த அடுக்கு பொங்கி, பால்கோவா மாதிரி வெண்மையாகக் கெட்டியாகி, தன்னிடம் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே வெப்பத்தைத் தின்னும். ஒரு மணி நேர ‘இ.ஐ’ கண்ணாடி பொதுவாக 23 முதல் 25 மிமீ தடிமன் வரும். இரண்டு மணி நேரத்துக்கு 50 மிமீயை ஒட்டிப் போகும். ஆகவே உங்கள் தாளில் உள்ள 12 மிமீ என்பது கிட்டத்தட்ட நிச்சயமாக ‘இ’ வகை. லாபியில் தீப்பிடித்தால் அந்தக் கண்ணாடி உடையாமல் கம்பீரமாக நிற்கும். அதற்குப் பின்னால் படியிறங்குகிறவர்கள் அடுப்பு வாயைக் கடந்துதான் போக வேண்டியிருக்கும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 மாடிப்படியைச் சுற்றி இரண்டு மணி நேரம் தாங்கும் அடைப்பைக் கேட்பது, மக்கள் அதன் வழியே நடந்து இறங்க வேண்டும் என்பதற்காகத்தான்.

மும்பைக்கு நிலநடுக்கமா என்று சிரிக்கும் பில்டர்கள் நிறைய. நிலநடுக்கத்துக்கான இந்திய விதித்தொகுப்பு ஐஎஸ் 1893. அதன் 2016 பதிப்பில் மும்பை மூன்றாம் மண்டலம், சென்னையைப் போல; எண் ஏற ஏற ஆபத்து அதிகம். டெல்லி நான்கு. 1967 டிசம்பர் 11 அன்று ஆட்டம் கண்ட கொய்னா இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 200 கி.மீ. 2001 ஜனவரி 26 அன்று கட்ச் குலுங்கியபோது, 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. தூரம் ஒரு கேடயமல்ல, அதுவும் கழிமுகச் சேற்று மண்ணின் மேல் நின்றுகொண்டிருக்கும்போது. உங்கள் மனையின் மண் பரிசோதனை அறிக்கையை ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

கட்டடம் விழாமலேயே கண்ணாடி கெட்டுப்போகும் விதம் எளிமையானது. தூண்களும் விட்டங்களும் பக்கவாட்டில் சாயும்போது கண்ணாடியைப் பிடித்திருக்கும் செவ்வகச் சட்டம் இணைகரமாகிறது. கண்ணாடி இணைகரமாகாது. அது சட்டத்துக்குள் முதலில் நகரும், பிறகு சற்றே சுழலும், கடைசியில் எதிரெதிர் மூலைகள் சட்டத்தில் முட்டும். முட்டிய இடத்தில் பிளக்கும். முட்டுவதற்கு முன் எவ்வளவு சாயலாம் என்பதற்கு வடிவமைப்பாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பக்க இடைவெளியை இரண்டால் பெருக்குங்கள். அதை, ஒன்றோடு கண்ணாடியின் உயர அகல விகிதத்தைக் கூட்டி வரும் எண்ணால் பெருக்குங்கள் (மேல் கீழ் இடைவெளியும் பக்க இடைவெளியும் சமம் என்று வைத்துக்கொண்டால்). 2400 மிமீ உயரம், 1200 மிமீ அகலம், சுற்றிலும் 5 மிமீ இடைவெளி என்றால் 10ஐ 3ஆல் பெருக்க, 30 மிமீ. அதே உயரத்தில் அகலத்தையும் 2400 ஆக்கினால் 20 மிமீதான். இடைவெளியை 3 மிமீ ஆகக் குறைத்தால் ஒடுக்கமான கண்ணாடிக்கும் 18. அகலமான பிரமாண்டக் கண்ணாடி வரைபடத்தில் அழகு. ஆட்டத்தில் ஒடுக்கமானதுதான் பிழைக்கும்.

இந்த 30 மிமீயை எதோடு ஒப்பிடுவது? ஐஎஸ் 1893 ஒரு மாடிக்கு அனுமதிக்கும் சாய்வு மாடி உயரத்தில் 0.004 பங்கு. 3.2 மீட்டர் மாடிக்கு 12.8 மிமீ. “அப்படியானால் 30 தாராளம்” என்று பில்டரின் ஆள் சொல்வார். அங்கேதான் பிடிக்க வேண்டும். அந்த 12.8 என்பது குறைக்கப்பட்ட வடிவமைப்பு விசையில் வரும் சாய்வு. கட்டடம் வளைந்து கொடுத்துச் சக்தியை உறிஞ்சும் என்று நம்பி, விசையை நான்கு அல்லது ஐந்தால் வகுத்த பிறகுதான் அந்தக் கணக்கு போடுகிறார்கள். உண்மையான பெரிய ஆட்டத்தில் சாய்வு அதைப் போலப் பல மடங்கு. அதே விதித்தொகுப்பு பக்கத்துக் கட்டடத்தோடு விட வேண்டிய இடைவெளியைச் சொல்லும்போது அந்த எண்ணைத் திரும்பப் பெருக்கத்தான் சொல்கிறது. எனவே கட்டமைப்புப் பொறியாளரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: கண்ணாடி வரும் ஒவ்வொரு மாடியிலும் முழு ஆட்டத்தில் எதிர்பார்க்கும் சாய்வு எத்தனை மில்லிமீட்டர்? அந்த எண் இல்லாமல் கண்ணாடி விற்க வருகிறவர் அளவெடுக்காமல் சட்டை தைக்கிறார்.

இனி வருவதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு. நிலநடுக்கம் இடைவெளி கேட்கிறது. தீ இறுக்கம் கேட்கிறது. தீயில் கண்ணாடி இளகி விளிம்பிலிருந்து நழுவாமல் இருக்க, சட்டம் அதை ஆழமாகக் கவ்வியிருக்க வேண்டும். சோதனையில் 15 மிமீ கவ்வியிருந்தால் உங்கள் கட்டடத்திலும் 15 மிமீ கவ்வ வேண்டும். இடைவெளியைக் கூட்டுகிறேன் என்று கண்ணாடியைச் சிறிதாக வெட்டினால் கவ்வல் குறையும். கவ்வலைக் காப்பாற்றிக்கொண்டு இடைவெளி கூட்ட ஒரே வழி, சட்டத்தின் பள்ளத்தை ஆழமாக்குவது. அப்படி ஆழமாக்கிய சட்டம் தீச்சோதனைக்குப் போனதா? போகவில்லை என்றால் கையிலிருக்கும் சான்றிதழ் வேறொரு பொருளுக்குரியது. என் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே ரகசியம் இதுதான்: தீத்தடுப்புக் கண்ணாடி என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. கண்ணாடி, சட்டம், பட்டை, திருகு, சுவரில் பதிக்கும் ஆணி எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்புதான் சோதிக்கப்படுகிறது. ஒன்றை மாற்றினாலும் அது வேறு தொகுப்பு.

நான் வழக்கமாகச் சொல்லும் தீர்வு, சட்டத்தை அந்தந்த மாடியின் கீழ்த்தளத்தில் உறுதியாகப் பிணைத்து, மேலே மட்டும் வழுக்கும் தலைப்பட்டையில் விடுவது. மாடி சாயும்போது சட்டம் முழுவதும் கீழ்த்தளத்தோடு நிற்கும், மேல்தளம் அதன் மேல் வழுக்கிப் போகும். தலைப்பட்டையின் இடுக்கில் கனிமக் கம்பளியும் அசைவைத் தாங்கும் தீத்தடுப்புப் பூச்சும் வர வேண்டும். சட்டமே அதிகம் சாயாதபோது கண்ணாடியைச் சுற்றி விடும் இடைவெளியைச் சோதனையில் இருந்தபடியே விட்டுவிடலாம்.

உங்கள் பில்டரின் படத்தில் லாபிக் கண்ணாடிகள் நடுச்சட்டமே இல்லாமல், சிலிகான் கோட்டோடு விளிம்புக்கு விளிம்பு ஒட்டி நிற்கின்றன. பார்வைக்கு நட்சத்திர ஹோட்டல். ஆட்டத்தில் பக்கத்துப் பக்கத்துக் கண்ணாடிகள் ஒன்றன் விளிம்பை ஒன்று அரைக்கும். நடுச்சட்டத்தோடு போடச் சொல்லுங்கள், சண்டை போட்டாவது.

வகையைப் பற்றியும் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர்கள் ‘டஃபன்ட்’ என்று சொல்லும் கடினமாக்கப்பட்ட ஒற்றைத் தகட்டின் உயிர் அதன் விளிம்பில் இருக்கிறது. விளிம்பில் ஒரு சிறு சில்லு போனாலும் தகடு முழுவதும் கல்கண்டாக உதிர்ந்துவிடும். நிலநடுக்கம் முதலில் தொடுவது விளிம்பைத்தான். பல அடுக்குகளை ஒட்டிச் செய்த சிலிகேட் கண்ணாடி விரிசல் விட்டாலும் இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்; அதன் பிறகு வரும் தீயை முழு இரண்டு மணி நேரம் தாங்கும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள், ஆனால் ஓட்டையைவிட விரிசல் மேல். கம்பிவலைக் கண்ணாடியும் இப்படித் தொங்கும். எனினும் அது ‘இ’ வகைதான், குழந்தை ஓடிவந்து மோதினால் கையைக் கிழிக்கும். குடியிருப்பில் அது வேண்டாம்.

நிலநடுக்கத்துக்குப் பின் தீ என்பது வெறும் கற்பனையல்ல. 1906இல் சான் பிரான்சிஸ்கோவையும் 1923இல் டோக்கியோவையும் ஆட்டத்துக்குப் பின் வந்த நெருப்புதான் தின்றது. சான் பிரான்சிஸ்கோவில் தண்ணீர்க் குழாய்களே உடைந்து போயிருந்தன. உங்கள் ஒவ்வொரு சமையலறைக்கும் குழாய் எரிவாயு வருகிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒரு சலுகை உண்டு: கட்டடம் முழுவதும் தீயில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருந்து, தீ இடைவெளி (பக்கத்துக் கட்டடம் வரை உள்ள தூரம்) 9 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால், வெளிமுகப்பில் சாதாரணக் கடினக் கண்ணாடி போடலாம், கண்ணாடியிலிருந்து 600 மிமீக்குள் ஸ்பிரிங்க்ளர் வைக்க வேண்டும். முகப்புக்கு அது நியாயமான சலுகை. ஆனால் தண்ணீரை நம்பி நிற்கும் கண்ணாடியைத் தப்பிக்கும் பாதையில் நான் ஏற்க மாட்டேன். ஆட்டத்தில் குழாய் முறிந்தால் கண்ணாடியும் கைவிட்டது என்று பொருள்.

உப்புக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வர்சோவா பக்கம், கடலைப் பார்த்த ஒரு கட்டடத்தில் மாடிப்படிக் கண்ணாடியின் அடிப்பகுதியில் “பனி படிந்த மாதிரி” இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் கீழ்விளிம்பிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளை ஏறியிருந்தது, ஓரமாகச் சோடா குமிழிகள் போலப் புள்ளிகள். துணியால் துடைத்தால் போகவில்லை. வெள்ளை உள்ளே இருந்தது. கண்ணாடியைப் பிடித்திருந்த பட்டையைக் கழற்ற முயன்றால் திருகுத் தலைகள் கையோடு வந்தன, அடிப்பகுதி துருவாகவே மாறியிருந்தது. பட்டையை நெம்பி எடுத்ததும் பள்ளத்தில் மழைத் தண்ணீர் விரல் ஆழத்துக்கு நின்றது. வாயில் விட்டுப் பார்த்தால் கரித்திருக்கும், அந்த அளவுக்கு ஆர்வம் எனக்கு இல்லை. கண்ணாடி விளிம்பைச் சுற்றியிருக்க வேண்டிய அலுமினியப் பட்டை அந்தத் தண்ணீரில் ஊறிப் பிரிந்து, சிலிகேட் அடுக்கு ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. ஆறு பருவமழைதான் ஆகியிருந்தது. சான்றிதழ் கோப்பில் பத்திரமாக, புத்தம் புதிதாக இருந்தது.

சூளையில் ஏற்றப்படும் மாதிரி எப்போதும் புதியது, உலர்ந்தது, யாராலும் குலுக்கப்படாதது. உங்களுடையது அப்படி இருக்காது. அதனால் தீச்சான்றிதழுக்குள் இல்லாதவற்றை நீங்கள்தான் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வெளிக்காற்று படும் இடத்தில் திருகுகளும் கீல்களும் மாலிப்டினம் கலந்த 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். 304 கடற்காற்றில் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பேறும். எஃகுச் சட்டம் என்றால் வெட்டி வெல்டிங் செய்த பிறகு துத்தநாகப் பூச்சு, அதன் மேல் பவுடர் பூச்சு; முன்பே பூசிய குழாயை வெட்டி ஒட்டினால் ஒவ்வொரு மூட்டும் துருவுக்கு வாசல். கண்ணாடி உட்காரும் பள்ளத்தில் நீர் வடிய வழி வேண்டும், அந்தத் துளைகள் சோதித்த வரைபடத்திலேயே இருக்க வேண்டும். தளத்தில் துளைப்பான் வைத்துப் போட்ட துளை தீக்கும் வழி. கதவில் தீப்பட்டவுடன் பொங்கும் பட்டையில் கிராஃபைட் வகை, சிலிகேட் வகையைவிட ஈரத்தை நன்றாகத் தாங்கும். நீங்கள் கடற்கரையில் இல்லை என்று நினைக்கலாம். மாகுல் கழிமுகமும் சுத்திகரிப்பு ஆலைகளும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செம்பூர்க் காற்றை நான் கடல் தொடாத ஊரின் காற்று என்று கணக்கிட மாட்டேன்.

சிலிகானுக்கு மூக்கே போதும். பூசும்போது வினிகர் வாசனை அடித்தால் அது அமில வகை. உலோகத்தையும் விளிம்புப் பட்டையையும் அரிக்கும். நிறுத்தச் சொல்லுங்கள். நடுநிலை வகைதான் வேண்டும், அதுவும் சோதனை அறிக்கையில் பெயர் இருக்கும் வகை.

மேற்கு மாடிப்படிக்கு இன்னொரு சிக்கல் வெயில். சிலிகேட் அடுக்குக் கண்ணாடிகளுக்குத் தயாரிப்பாளர்களில் பலர் 45 அல்லது 50 டிகிரியைப் பயன்பாட்டு வரம்பாகச் சொல்கிறார்கள். ஏப்ரல், மே மாலை வெயில் நேராக விழும் கண்ணாடி அதைத் தொட்டுவிடும். புறஊதாக் கதிரும் அந்த அடுக்கைக் கெடுக்கும். அதனால் வெளிப்புறத்துக்கென்றே செய்த வகை, வெயிலைத் திருப்பும் ஒரு வெளித்தகட்டோடு இரட்டையாக வர வேண்டும். எடையும் ஏறும். கண்ணாடிக்கு மில்லிமீட்டருக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ என்பது கைக்கணக்கு. 50 மிமீயில் 1.2க்கு 2.4 மீட்டர் தகடு 360 கிலோ. அதை 18வது மாடிக்கு ஏற்றுவது ஒரு பக்கம். ஆட்டத்தில் அந்த எடை சட்டத்தைக் குத்தும் குத்து இன்னொரு பக்கம்.

இந்த இடத்தில்தான் என் வியாபாரத்துக்கே ஆகாத கேள்வி ஒன்று வரும்: மேற்கு மாடிப்படிக்குக் கண்ணாடி எதற்கு? சாதாரண பிளாக் சுவர் இரண்டு மணி நேரத் தீயை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும், உப்பும் வெயிலும் அதற்குப் பொருட்டல்ல. தவிர, வெளிச்சுவரில் உள்ள மாடிப்படிக்குக் காற்றோட்டத் திறப்பா, புகை நுழையாமல் விசிறியால் காற்றை அழுத்தி வைப்பதா என்பது முதலில் முடிவாக வேண்டும். திறக்காத கண்ணாடியால் மூடிவிட்டால் புகை வெளியேற வழியில்லை. 2014 ஜூலையில் அந்தேரியில் கண்ணாடி போர்த்திய அலுவலகக் கட்டடம் ஒன்று எரிந்தபோது ஒரு தீயணைப்பு வீரரின் உயிர் போனதை இந்த நகரம் பார்த்திருக்கிறது. லாபியில் ‘இ.ஐ’ கண்ணாடி வையுங்கள், படிக்கட்டில் வெளிச்சம் வருகிறது, யார் நிற்கிறார்கள் என்று தெரிகிறது, அது நல்லது. மேற்குப் பக்கம் சுவர் எழுப்பச் சொல்லி, மிச்சப்படும் பணத்தை லாபிச் சட்டத்தில் போடுங்கள்.

பில்டரிடம் கேட்க வேண்டிய காகிதம் மூன்று. சான்றிதழின் முதல் பக்கம் மட்டுமல்லாமல் வரைபடங்களோடு முழுச் சோதனை அறிக்கை; அதில் உள்ள அதிகபட்சக் கண்ணாடி அளவு உங்களுடையதைவிடச் சிறிதாக இருந்தால் அங்கேயே பேச்சு முடிந்தது. சோதனை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்திருந்தாலும் ஐரோப்பாவில் நடந்திருந்தாலும் எனக்குச் சம்மதம். இரண்டாவது, சாய்வுக் கணக்கு. மூன்றாவது, யார் பொருத்துகிறார் என்பதும் அவருக்குப் பயிற்சி கொடுத்தது யார் என்பதும். தகடு தளத்துக்கு வந்ததும் மூலையில் அழியாமல் பொறித்த முத்திரையைப் படியுங்கள்: தயாரிப்பாளர், தர எண், ‘இ.ஐ 120’ (120 நிமிடம்). பொருத்திய பிறகும் அது பட்டைக்கு மேலே தெரிய வேண்டும். முத்திரை ஸ்டிக்கராக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். இந்தக் கண்ணாடியைத் தளத்தில் வெட்டவோ துளையிடவோ முடியாது. “ரெண்டு மில்லி சீவிக்கலாம் சார்” என்று ஒருவர் சொன்னால், அவர் முன்பும் சீவியிருக்கிறார்.

குடிவந்த பிறகு ஆபத்து நம்மிடமிருந்தே வரும். மகாராஷ்டிரத் தீத்தடுப்புச் சட்டம் 2006இன்படி ஜனவரியிலும் ஜூலையிலும், தீயணைப்புச் சாதனங்கள் சரியாக இருக்கின்றன என்று படிவம் ‘பி’ கொடுக்க வருகிறவர் பம்பையும் குழாயையும் பார்ப்பார். கண்ணாடியின் கீழ்விளிம்பைக் குனிந்து பார்க்கச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை. வெள்ளை, குமிழி, துரு வழிந்த கோடு, தளர்ந்த பட்டை: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். லேசான ஆட்டம் உணர்ந்த அன்றும் ஒரு சுற்று. லாபிக் கண்ணாடியில் வெயிலுக்கு ஃபிலிம் ஒட்டுவதும், பொங்கலுக்கு மாவிலைத் தோரணம் கட்ட அந்தச் சட்டத்திலேயே ஆணி அடிப்பதும் வேண்டாம். தோரணத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கொக்கியை இப்போதே வரைபடத்தில் போட்டுவிடச் சொல்லுங்கள்.